காய்ச்சல் விட்ட பிறகும் மாத்திரை எதற்கு?



இராமேஸ்வரம் தீவுப் பக்கம் தொழிலுக்குப் போய்த் திரும்பும் சாயல்குடிக் கரையோர மீனவச் சகோதரர்களில் சிலர் குளிரும் நடுக்கமுமாய் மருத்துவமனைக்கு வருவதுண்டு. முன்போல் அதிகமில்லை, ஆனாலும் மலேரியா முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. விரல் நுனியில் ஒரு துளி இரத்தமெடுத்து, கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமேற்றிப் பார்க்கிறோம். உங்கள் காணிக்கையில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறபடியால், அந்தத் துளியில் நடப்பதை நீங்களும் அறியவேண்டும்.

கொசுவினால் உடலுக்குள் வரும் கிருமி முதலில் ஈரலில் பெருகி, பிறகு இரத்தத்தில் இறங்குகிறது. சிவப்பணுவின்மேல் ஒட்டி, உருண்டு, தன் கூர்முனையை அணுவுக்கு நேராகத் திருப்பி, இறுகப் பற்றி நுழைந்துவிடுகிறது. எல்லாம் ஓரிரு நிமிடத்திற்குள்! சுமார் 48 மணி நேரத்தில் உள்ளே பெருகி அணுவை உடைத்து வெளிவருகையில்தான் குளிர் காணும். முறைக்காய்ச்சல் என்று பெரியவர்கள் சொன்னது இதையே.

வைவாக்ஸ் என்ற வகை கண்ட அணுவிலெல்லாம் ஒட்டாது. புதிதாகப் பிறந்த இளம் சிவப்பணுக்களையே நாடும். அதற்குக் கைப்பிடிபோல் உதவுவது அணுவின் மேலுள்ள டஃபி என்னும் புரதம். (1950ல் அது முதலில் அறியப்பட்ட நோயாளியின் பெயர் அது.) மேற்கு ஆப்பிரிக்க மக்களில் பெரும்பாலோருக்கு அந்தப் பிடி இல்லை, ஆகவே அவர்களிடம் வைவாக்ஸ் அரிது என்று 1976ல் மில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரது குழுவினரும் விளக்கினார்கள். நம்மவர்களில் ஏறக்குறைய எல்லாருக்கும் அந்தப் பிடி உண்டு.

ஃபால்சிபாரம் வகை இன்னும் பொல்லாதது. அது புகுந்த சிவப்பணுவே பிசினாகி, நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மூளையில் அப்படி அடைத்தால் நினைவு தப்பும், உயிரும் போகும். எந்த வகையென்று தகட்டைப் பார்த்தே மருந்து கொடுப்பது இதனால்தான்.

வைவாக்ஸுக்கு 3 நாள் குளோரோகுயின். இரத்தத்திலுள்ள கிருமி சாகும், காய்ச்சல் விடும். நாலாம் நாள் அண்ணன் படகேறிவிடுவார்! ஈரலில் உறங்கும் கிருமியோ சில மாதம் கழித்து எழுந்து, மறுபடி சிவப்பணுவைப் பற்றும். அதை அழிக்கும் பிரைமாகுயினை 14 நாள் விடாமல் விழுங்கவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் கைக்குழந்தைகளுக்கும் அது கூடாது. பிறவியிலேயே ஒரு நொதி குறைந்தவர்களுக்கு அம்மருந்தே சிவப்பணுவை உடைக்கும். சிறுநீர் கறுத்தால் உடனே நிறுத்திவிட்டு வரச் சொல்லி அனுப்புகிறோம்.

மாத்திரைகளைப் பெரும்பாலும் வீட்டிலுள்ள அம்மாமாரிடமே எண்ணிக் கொடுக்கிறோம். கடலுக்குப் போகிறவரின் சாப்பாட்டுத் தூக்கில் அன்றைய மாத்திரையும் போகிறதா என்று பார்ப்பவர்கள் அவர்களே. அவர்களுக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.