சிறு நினைவகத்தில் பெருநிரல்: டெக் அச்சுக்கோப்பு நிரல் தனிக்கணினிக்குப் பெயர்ந்த முறையும் தமிழ்க் குறியேற்றமும்

முன்னுரை

பெரிய கணினிக்கென எழுதப்பட்ட நிரலைச் சிறிய நினைவகமுடைய தனிக்கணினியில் இயங்கச் செய்வது நிரலைச் சுருக்கும் பணி எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது பகுக்கும் பணியாகும். எது எப்போதும் நினைவகத்தில் இருக்க வேண்டும், எது முறைவைத்து வந்து போகலாம், எதை முன்கூட்டியே கணித்து வைக்கலாம், எதனை வேறொரு நிரலின் பொறுப்பில் விடலாம் என்னும் நான்கு வினாக்களுக்கு விடை காண்பதே அப்பணி. டொனால்டு கனூத் உருவாக்கிய டெக் அச்சுக்கோப்பு நிரல் தனிக்கணினிக்கு வந்த வரலாறு இதற்குத் தெளிவான சான்று. அவ்வரலாற்றை விளக்கி, அதே வினாக்கள் தமிழ் எழுத்திலும் எழுந்தவாற்றை இக்கட்டுரை காட்டுகிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் எளாவூர், பழவேற்காடு ஆகிய ஊர்ப்பெயர்கள் எடுத்துக்காட்டுச் சொற்களாக ஆளப்படுகின்றன.

நிரலின் அளவும் கணினியின் எல்லையும்

கனூத் தம் கணினி நூல்தொகுதியின் இரண்டாம் பாகத்திற்கு வந்த அச்சுப்படிகளின் தரத்தில் நிறைவு கொள்ளாமல், 1977இல் டெக் நிரலைத் திட்டமிட்டார். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 36 பிட் சொல்லளவுடைய பெருங்கணினியில் அது உருவாயிற்று. 1982இல் முழுமையாகத் திருத்தி எழுதப்பட்ட வடிவம் ஏறத்தாழ 25,000 வரிகளைக் கொண்டது.

ஐபிஎம் தனிக்கணினி 1981 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் 8088 செயலி 10,48,576 பைட்டுகளை முகவரியிட வல்லதாயினும், நிரல்களுக்குக் கிடைத்த பகுதி 640 கிலோபைட் மட்டுமே. அந்த இடமும் 65,536 பைட் அளவுள்ள துண்டங்களாகவே கையாளப்பட்டது. டெக் நிரலின் மூலப் பிரதியில் முதன்மை நினைவக அணியின் மேல் எல்லை 30,000 எனக் குறிக்கப்பட்டுள்ளது. ஓர் உறுப்புக்கு 4 பைட் எனக் கொண்டால் அந்த அணி மட்டும் ஏறத்தாழ 1,20,000 பைட் ஆகும். எனவே நிரலின் ஓர் உறுப்பே ஒரு துண்டத்தில் அடங்கவில்லை. இத்தடையைக் கடந்து, 1980களின் நடுவில் லான்ஸ் கார்ன்ஸின் பிசி டெக், டேவிட் ஃபூக்ஸின் மைக்ரோடெக் ஆகிய பதிப்புகள் தனிக்கணினிக்கு வந்தன. கார்ன்ஸ் அதற்கு முன்னரே எச்பி 3000 என்னும் 16 பிட் சிறுகணினிக்கு டெக் நிரலைப் பெயர்த்தமைத்தவர்.

நினைவகத்தைப் பகுத்த முறைகள்

மூல நிரலைத் தொடாமல், மாற்றங்களை மட்டும் தனிக் கோப்பில் எழுதி இணைக்கும் ஏற்பாட்டைக் கனூத் வகுத்திருந்தார். பெயர்த்தமைப்பவர் கணினிக்கேற்ற எல்லைகளையும் உள்ளீட்டு, வெளியீட்டுப் பகுதிகளையும் அக்கோப்பில் மாற்றுவார். மாற்றியபின் விளைவு மாறவில்லை என்பதற்குச் சோதனைக் கோப்பு ஒன்றும் உண்டு. ஆகவே சிறிய கணினியில் இயங்கும் நிரலும் அதே ஆவணத்திற்கு அதே வரிப்பிரிப்பைத் தருதல் வேண்டும். இட நெருக்கடிக்காக விளைவை மாற்றும் உரிமை பெயர்ப்பாளருக்கு இல்லை.

இந்நிபந்தனைக்கு உட்பட்டு இடம் தேடும் வழிகளுள் முதலாவது முன்கணிப்பு. கட்டளைத் தொகுப்புகளையும் சொற்பிரிப்பு அட்டவணைகளையும் ஒரு தொடக்க நிரல் படித்து, அவற்றின் முடிவை ஒரு கோப்பாகச் சேமிக்கிறது. அன்றாடப் பயன்பாட்டு நிரல் அம்முடிவை மட்டும் ஏற்றிக்கொள்கிறது. அட்டவணை அமைக்கும் பகுதி அதற்குத் தேவைப்படுவதில்லை.

இரண்டாவது, முறைவைத்த பயன்பாடு. பழவேற்காடு ஏரி மீனவ ஊர்களில், குறித்த மீன்பிடி இடத்தில் எவர் எந்நாளில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிரும் ஏற்பாடு ‘பாடு’ எனப்படும். மேலடுக்கு என்னும் நிரலாக்க உத்தியும் இத்தன்மையதே. ஒரே நேரத்தில் தேவைப்படாத நிரல் பகுதிகள் வட்டில் காத்திருந்து, தம் முறை வரும்போது ஒரே நினைவக இடத்தை அடுத்தடுத்துப் பெறுகின்றன. முறை அடிக்கடி மாறினால் வட்டைப் படிப்பதிலேயே காலம் கழியும். எனவே எப்பகுதிகள் இணைந்து இயங்குகின்றன என அறிந்து பிரிப்பதே பெயர்ப்பாளரின் திறம்.

மூன்றாவது, பொறுப்புப் பிரிப்பு. டெக் நிரலுக்கு எழுத்தின் வடிவம் தேவையில்லை. அதன் அகலம், உயரம், ஆழம், அண்டை எழுத்தோடு இணையும் முறை ஆகியவை போதும். வடிவத்தைத் திரைக்கும் அச்சுப்பொறிக்கும் உரிய தனி நிரல்கள் பின்னர்க் கையாளுகின்றன.

நான்காவது, சுருக்கமான உருவாக்கம். ஆங்கிலச் சொற்களை வரியிறுதியில் பிரிக்க அகராதி முழுவதையும் வைத்திருத்தல் இயலாது. ஃபிராங்க் லியாங் 1983இல் அளித்த ஆய்வேட்டில் 4,447 வடிவக்கூறுகளைக் கொண்டே பெரும்பாலான பிரிப்பிடங்களைக் கண்டறியும் முறையை வகுத்தார்.

நினைவகத்தின் எல்லை நிரலின் கொள்கையையும் தொட்டுள்ளது. ஒரு பத்தியின் வரிகள் அனைத்தையும் ஒருசேர ஆராய்ந்து சிறந்த பிரிப்பைத் தேரும் டெக், பக்கங்களை அவ்வாறு தேர்வதில்லை. பல பக்கங்களை ஒருங்கே வைத்திருக்க அக்கால நினைவகம் போதாமையால், ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே முடிக்கிறது. நினைவகம் பெருகிய பின்னரும் அவ்வமைப்பு நிலைத்துவிட்டது.

தமிழ் எழுத்தின் இடம்

வடிவம் நிரலுக்கு வெளியே இருந்தமையால், டெக் நிரலைத் திருத்தாமலேயே தமிழை அதில் அச்சுக்கோக்க இயன்றது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் தாமஸ் ரிட்ஜ்வே மெட்டாஃபான்ட் வழித் தமிழ் எழுத்துரு அமைத்தார். எனினும் ஓர் எழுத்துருவில் 256 இடங்களுக்கு மேல் இல்லை. தமிழ் எழுத்துகள் 247 ஆயினும், அச்சுக்குத் தேவையான வடிவங்கள் அதனினும் குறைவு. உயிர் 12, ஆய்தம் 1, அகர உயிர்மெய் 18, புள்ளி மெய் 18, உகர ஊகார உயிர்மெய் 36, துணைக்குறிகள் 6, டி, டீ என 93 வடிவங்களில் தமிழ் அடங்கும். 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் 13 எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கியமை இப்பட்டியலைச் சுருக்க உதவியது.

இங்கு இருவேறு பகுப்புகள் தோன்றின. இஸ்கி குறியேற்றம் மொழியமைப்பைப் பின்பற்றியது. அதில் எளாவூர் என்னும் நான்கெழுத்துச் சொல் எ, ள, கால், வ, ஊகாரக் குறி, ர, புள்ளி என 7 பைட்டுகளாகிறது. திஸ்கி முதலிய வடிவக் குறியேற்றங்களில் வூ, ர் ஆகியன தனி வடிவங்கள். ஆதலால் 5 பைட்டுகளே போதும். முன்னதில் திரைக்கு அனுப்புமுன் வடிவைக் கணிக்கும் நிரல் வேண்டும்; பின்னதில் வேண்டுவதில்லை. சிறிய கணினிக்குப் பின்னதே எளிதாயிற்று.

எஞ்சிய விளைவு

அவ்வெளிமைக்கு விலை உண்டு. பழவேற்காடு என்பதை வடிவ வரிசையில் சேமித்தால் ஏகாரக் குறி வகரத்திற்கு முன் நிற்கும். ‘பழவ’ என்று தேடுவோர்க்கு அச்சொல் கிட்டாது. அகரவரிசையிலும் அது தன் இடத்தில் அமையாது. ஒருங்குறியில் வகரம் முன்னும் ஏகாரக் குறி பின்னும் சேமிக்கப்படுகின்றன. அதற்கேற்ப இடத்தேவை மிகுகிறது. யுடிஎஃப் 8 முறையில் எளாவூர் 21 பைட்டுகளும் பழவேற்காடு 30 பைட்டுகளும் கொள்ளும். இன்றைய நினைவகத்தில் இது பொருட்டன்று. ஆனால் வடிவக் குறியேற்றத்தில் தட்டச்சான ஆய்வேடுகளும் ஊர்ப்பெயர்த் தொகுப்புகளும், அவற்றின் எழுத்துருவுக்கு உரிய மாற்று அட்டவணை இன்றி இன்று படிக்கவோ தேடவோ இயலாதனவாக உள்ளன.

முடிவுரை

டெக் பெயர்ப்பில் நெருக்கடி நிரலின் பகுப்பை மாற்றியது, ஆவணத்தை மாற்றவில்லை. தமிழ் வடிவக் குறியேற்றத்தில் நெருக்கடி ஆவணத்திற்குள்ளேயே பதிந்துவிட்டது. இடத்தைச் சேமிக்கும் ஏற்பாடு நிரலோடு நிற்பின், நினைவகம் பெருகும்போது நிரலை மாற்றினால் போதும். அது பனுவலில் புகுந்தால் ஒவ்வொரு கோப்பையும் மாற்ற வேண்டியதாகிறது. பழைய கோப்புகளைக் காக்கும் தமிழ்த் துறைகள் அவற்றோடு அவற்றின் எழுத்துருவையும் குறியேற்ற அட்டவணையையும் சேர்த்தே காத்தல் வேண்டும்.