வானிற் போர் கற்பித்த ஆசான்

முதலாம் உலகப் போர் 1914இல் மூண்டகாலை, ஆகாய விமானம் பெரும்பாலும் வேவு பார்க்கும் கருவியாகவே கருதப்பட்டது. அதனை நெறிப்பட்ட போர்ப்படையாக்கியோருள் முதன்மையானவர் ஒஸ்வால்ட் பேல்க்கே என்னும் ஜேர்மானியர். பள்ளி ஆசிரியர் ஒருவரின் மைந்தராகிய இவர், சுழல்விசிறியின் இதழ்களினூடே சுடவல்ல இயந்திரத் துப்பாக்கி பொருத்திய ஃபொக்கர் விமானத்தில் 1915இற் புகழ் பெற்றார்.

எனினும், இவர்தம் பெருமை வீழ்த்திய விமானங்களின் தொகையில் மட்டும் அடங்குவதன்று. தாம் பட்டறிந்தவற்றை 1916இல் எட்டு விதிகளாக வகுத்தார். ஞாயிற்றைப் பின்னே கொண்டு தாக்குதல், அண்மையிற் சென்றே சுடுதல், ஒரு பகைவனைப் பலர் ஒருங்கே தொடராமை என்பன அவற்றுட் சில. அவ்வாண்டு ஓகஸ்டில் அமைந்த இரண்டாம் வேட்டை விமான அணியின் தலைவராகி, இளம் வீரர்க்கு அவற்றைப் பயிற்றினார். பின்னாளில் 80 வெற்றிகளை ஈட்டிய மன்பிரெட் வொன் றிக்தோபன் அவர்தம் மாணாக்கரே.

1916 ஒக்டோபர் 28ஆம் நாள், பேல்க்கேயும் அவர்தம் நண்பர் ஏர்வின் பேமேயும் ஒரே பகை விமானத்தைத் தொடர்ந்தனர். பிறிதொரு விமானம் குறுக்கிடவே, நண்பர் இருவரின் விமானங்களும் ஒன்றையொன்று தீண்டின. 40 வெற்றிகள் கண்ட பேல்க்கே 25ஆம் வயதில் வீழ்ந்து மாண்டார். பகைவரான பிரித்தானிய விமானிகளும் அவர் நினைவாக மலர்வளையம் இட்டனர்.

தாம் வகுத்த விதியை ஒருகணம் நெகிழ்ந்தமையால் ஆசான் மாண்டார். விதியோ மாணாக்கர் வழி நிலைபெற்றது.