வைத்தியசாலை முடக்கமும் சமூகமும்: அக்குறணைப் பகுதி பற்றிய ஒரு நோக்கு

வைத்தியசாலையொன்று மூடப்படுதல் என்பது அதன் வாயிற்கதவு பூட்டப்படுவதை மட்டும் குறிப்பதன்று. கட்டடமும் ஊழியரும் இருக்க, மருந்தின்மையாற் பணி நின்றுபோதலும் மூடலின் ஒரு வகையேயாகும். 2022இல் கண்டிப் பிரதேசம் அனுபவித்தது இவ்வகையினையே.

அக்குறணை, கண்டியிலிருந்து வடக்கே ஏ-9 வீதியில் ஏறத்தாழ 10 கிலோமீற்றர் தொலைவில் அமைந்த வர்த்தக ஊர். முஸ்லிம் மக்களைப் பெரும்பான்மையினராகக் கொண்டது. பெருஞ் சிகிச்சைகளுக்கு இவ்வூரார் கண்டியிலும் பேராதனையிலுமுள்ள அரசாங்க வைத்தியசாலைகளையே நாடுவர். பிங்கா ஓயா பெருகும் நாட்களில் அவ்வீதியும் தடைப்படுவதுண்டு.

2022 மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், முன்னரே நாள் குறிக்கப்பட்ட சத்திரசிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் இடைநிறுத்தப்பட்டன. அவசர சத்திரசிகிச்சைகளே தொடர்ந்தன. இலங்கை தனக்கு வேண்டிய மருந்துகளிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடாதலின், அந்நியச் செலாவணி வற்றியமை நோயாளியின் கட்டில்வரை எட்டியது. ஜூன் 27 முதல் எரிபொருள் விற்பனை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுப்படுத்தப்பட்டமை இடரை மேலும் பெருக்கிற்று.

இத்தகைய முடக்கத்தின் பொருளாதார விளைவு யாது? 1951 முதல் அரசாங்க வைத்தியசாலைகளிற் சிகிச்சை இலவசமாக்கப்பட்டது. பணி நிற்கும்போது அச்செலவு மறைவதில்லை. அரசிடமிருந்து குடும்பத்துக்கு மாறுகின்றது. மருந்தை வெளியே வாங்குதல், வாகனக் கூலி, உடன்செல்வோரின் நாட்கூலி இழப்பு என அது பல வடிவெடுக்கும். வசதி படைத்த வணிகர் தனியார் வைத்தியசாலையை நாடலாம். கூலியாளரோ சிகிச்சையைப் பின்போடுவர். பின்போடப்பட்ட குடலிறக்கம் இறுகி அவசர நிலையாக மாறின், செலவும் உயிராபத்தும் ஒருங்கே பெருகும். வீட்டில் நோயாளரைப் பேணும் பொறுப்பு பெரும்பாலும் பெண்கள்மீதே சுமத்தப்படுதலின், அவர்தம் உழைப்பும் கல்வியும் தடைப்படுகின்றன.

நிரந்தர மூடலின் விளைவு இதனினும் கடுமையானது. அமெரிக்கக் கிராமப்புறங்களை ஆராய்ந்து 2006இல் வெளியான ஆய்வொன்று, ஒரேயொரு வைத்தியசாலையையும் இழந்த பகுதிகளில் தனிநபர் வருமானம் ஏறத்தாழ 4 வீதம் வீழ்ந்ததெனக் காட்டியது. வைத்தியசாலை நோய் தீர்க்குமிடம் மட்டுமன்றி, வேலை வழங்கும் நிலையமாகவும் விளங்குவதே இதற்குக் காரணமாகும். மருந்துக்கடையும் உணவுக்கடையும் முச்சக்கரவண்டியும் அதனைச் சார்ந்தே பிழைக்கின்றன.

ஆகவே, கட்டடங்களின் எண்ணிக்கையைக் கொண்டு வைத்திய சேவையை அளத்தல் பொருந்தாது. மருந்தும் ஆளணியும் போக்குவரத்தும் ஒருங்கே உறுதிப்படுத்தப்படாதவிடத்து, இலவச வைத்தியம் என்பது ஏட்டளவிலேயே நின்றுவிடும். அக்குறணை போன்ற ஊர்களுக்கு அண்மையிலுள்ள சிறு வைத்தியசாலைகளை வலுப்படுத்துதல், பெரிய வைத்தியசாலை தளரும் காலத்தும் மக்களைத் தாங்கும் வழியாகும்.