எறும்பும் அளவுகோலும்

சிற்றுயிர்களின் வடிவழகைப் படமாக்கிக் காணும் ஆர்வம் இளைஞரிடையே பெருகி வருகின்றது. ஆர்வம் நன்றே, ஆயினும் கணக்கறியாத ஆர்வம் கைப்பொருளைக் கரைத்துவிடும்.

எம் அண்டை வீட்டு இளைஞர் ஒருவர், தம் சேமிப்பையெல்லாம் கொடுத்து, 'மேக்ரோ' எனப் பொறிக்கப்பட்ட சூம் லென்ஸ் ஒன்றை வாங்கினார். படம் முழுவதும் எறும்பு நிறைந்திருக்கும் என எதிர்பார்த்தார். கிடைத்ததோ ஒரு கரும்புள்ளி! லென்ஸில் பழுதேதும் இல்லை. அதன் உருப்பெருக்க விகிதம் 1:4 என்பதை அவர் கேட்டறியவில்லை, அவ்வளவே.

அவ்விகிதம் யாது? பொருளின் உண்மையளவுக்கும், கேமராவினுள் பிலிமின்மீதோ சென்சாரின்மீதோ விழும் பிம்பத்தின் அளவுக்கும் உள்ள தொடர்பே அது. 6 மி.மீ. எறும்பின் பிம்பமும் 6 மி.மீ. எனில் விகிதம் 1:1. விகிதம் 1:4 எனில் பிம்பம் 1.5 மி.மீ. மட்டுமே. அவருடைய சென்சாரின் அகலமோ 36 மி.மீ.; அதில் எறும்பு இருபத்து நான்கில் ஒரு பங்கு. புள்ளியாகத் தோன்றியதில் வியப்பென்ன?

படத்தைப் பெரிய தாளில் அச்சிட்டால் எறும்பும் பெரிதாகும். ஆனால் அது அச்சின் பெருக்கமேயன்றி லென்ஸின் பெருக்கமன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

விகிதத்தை வீட்டிலேயே கண்டறியலாம். லென்ஸை அதன் மிக அண்மைக் குவியத்தில் நிறுத்துக. அளவுகோலை நேராக வைத்து, அதன் கோடுகள் தெளியும்வரை கேமராவை நகர்த்திப் படமெடுக்க. பின்னர், சென்சாரின் அகலத்தைப் படத்தின் குறுக்கே தெரியும் நீளத்தால் வகுக்க. 144 மி.மீ. தெரிந்தால் 36 ÷ 144 = 0.25; அதாவது 1:4. சென்சார் சிறிதாயின் அதன் அகலத்தையே கொள்க.

புதிய லென்ஸ் வாங்கித்தான் பெருக்கத்தைக் கூட்டவேண்டும் என்பதில்லை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே பொருத்தும், கண்ணாடி ஏதுமற்ற எக்ஸ்டென்ஷன் டியூப் உண்டு. குழாயின் நீளத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கூடும் பெருக்கம் கிடைக்கும். வீட்டில் முடங்கிக் கிடந்த பழைய 50 மி.மீ. லென்ஸுடன் 36, 12 மி.மீ. குழாய்கள் இரண்டை அவ்விளைஞர் இணைத்தார். 48 ÷ 50 = 0.96, ஏறத்தாழ 1:1! லென்ஸை முடிவிலியில் நிறுத்தியபோதே இவ்வளவு கிட்டிற்று.

இதற்கும் ஒரு விலை உண்டு. 1:1 நிலையில் சென்சாரை எட்டும் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். துளை எண் 8 ஆயினும், தெளிவாக விழும் ஆழம் சுமார் 1 மி.மீ. மட்டுமே. எறும்பின் கண் தெளிந்தால் கால் மங்கும். நல்ல வெளிச்சமும், அசையாத முக்காலியும், நிறைந்த பொறுமையும் இன்றியமையாதவை.

ஆகவே, பெட்டியின்மீதுள்ள சொல்லை நம்பிப் பணத்தை எண்ணாதீர்கள். "விகிதம் என்ன?" என்று முதலில் கேளுங்கள். விடை கிடைக்காவிடில், சட்டைப்பையில் ஓர் அளவுகோலுடன் கடைக்குச் செல்லுங்கள்.