முதல் விமானத்தைக் கம்ப்யூட்டரிலேயே நொறுக்குங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் முதல் மாதம் பாட்டு கேட்பார்கள், படம் பார்ப்பார்கள், சீட்டு விளையாடுவார்கள். அடுத்த மாதம், "இதை வைத்து வேறு என்ன செய்யலாம்?" என்று கேட்பார்கள். விமானம் ஓட்டப் பழகலாம். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை. ரேடியோ மூலம் இயங்கும் மாடல் விமானங்களை மைதானத்தில் பறக்கவிடுபவர்களில் பலரும் முதலில் பழகுவது வீட்டுக் கம்ப்யூட்டரில்தான்.

நான் அப்படிப் பழகவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் காசு சேர்த்து ஒரு விமானம் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்துக்குப் போய் கையால் வீசினேன். அழகாக மேலே ஏறியது. திரும்பி என்னை நோக்கி வந்தது. இடப்பக்கம் சாய்வது தெரிந்ததும் குச்சியை வலப்பக்கம் தள்ளினேன். இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. பதற்றத்தில் முழுவதும் தள்ளினேன். தலைகுப்புற விழுந்தது. ஒரு நிமிடம்கூடப் பறந்திருக்காது. விழுந்த இடத்திலிருந்து பத்தடி தூரத்தில் பந்து பொறுக்க வந்த ஒரு சிறுவன் நின்றிருந்தான். காசு போனதை மறந்துவிட்டேன். அந்தப் பத்தடி மட்டும் இன்றும் நினைவில் இருக்கிறது.

எங்கே தவறு செய்தேன், நீங்கள் அதை எப்படித் தவிர்க்கலாம் என்று பார்ப்போம்.

விமானத்துக்குள் என்ன இருக்கிறது?

உங்கள் கையில் இருப்பது டிரான்ஸ்மிட்டர். அதில் இரண்டு குச்சிகள் இருக்கும். விமானத்துக்குள் தீப்பெட்டியைவிடச் சிறிய ரிசீவர் இருக்கும். இரண்டும் இப்போது பேசிக்கொள்வது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். உங்கள் வீட்டு வை-பை பயன்படுத்துவதும் இதே அலைவரிசைதான். முன்பெல்லாம் ஒரே மைதானத்தில் இருவர் ஒரே சேனலைப் போட்டுவிட்டால் விமானம் விழுந்துவிடும். இப்போதைய செட்களில் ஒவ்வொரு ரிசீவரும் தன் டிரான்ஸ்மிட்டரை அடையாளம் வைத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை.

ரிசீவர் தனக்கு வரும் கட்டளையை "சர்வோ" என்ற குட்டி மோட்டார்களுக்கு அனுப்புகிறது. சாதாரண சர்வோவுக்கு விநாடிக்குச் சுமார் 50 முறை மின்துடிப்பு போகும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி விநாடி என்றால் சர்வோ நடுவில் நிற்கும். 1 மில்லி விநாடிக்குக் குறைந்தால் ஒரு பக்கமும், 2 மில்லி விநாடிக்குக் கூடினால் மறுபக்கமும் திரும்பும். இந்த அசைவு வாலிலும் இறக்கையிலும் உள்ள மடிப்புகளைத் திருப்புகிறது. எலிவேட்டர் மூக்கை ஏற்றி இறக்கும். ரட்டர் பக்கவாட்டில் திருப்பும். எய்லிரான் இறக்கையைச் சாய்க்கும். இவற்றோடு மோட்டாரின் வேகத்தையும் சேர்த்தால் நான்கு சேனல்.

இடமும் வலமும் மாறும் இடம்

விமானம் உங்களை விட்டு விலகிச் செல்லும்போது அதன் வலப்பக்கமும் உங்கள் வலப்பக்கமும் ஒன்றுதான். அதுவே திரும்பி உங்களை நோக்கி வந்தால் அதன் வலது இறக்கை உங்கள் இடப்பக்கம் இருக்கும். எதிரில் நிற்பவருடைய வலது கை நம் இடப்பக்கம் இருப்பது போல. நான் விமானத்தை நொறுக்கியது இதனால்தான்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. விமானம் உங்களை நோக்கி வரும்போது எந்த இறக்கை தாழ்கிறதோ, அந்தப் பக்கமாகக் குச்சியைத் தள்ளுங்கள். தாழும் இறக்கைக்குக் குச்சியால் முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டால் மறக்காது.

ஆனால் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. யோசிக்க அங்கே நேரம் இருக்காது. விரலே பழக வேண்டும். அதற்குத்தான் கம்ப்யூட்டர்.

கம்ப்யூட்டரில் பழகுவது எப்படி?

இதற்கான புரோகிராம்களை சிமுலேட்டர் என்பார்கள். பிகாசிம் இலவசமாகக் கிடைக்கிறது. ரியல்ஃபிளைட் பணம் கொடுத்து வாங்க வேண்டியது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பிகாசிம் ஓடும்.

1. விமானம் வாங்கும் முன் டிரான்ஸ்மிட்டரை மட்டும் வாங்குங்கள். பல மாடல்களை யுஎஸ்பி கேபிள் மூலம் கம்ப்யூட்டரில் இணைக்கலாம். சிலவற்றுக்குத் தனி டாங்கிள் தேவைப்படும். கடையில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

2. இணைத்ததும் விண்டோஸ் அதை ஒரு ஜாய்ஸ்டிக்காக எடுத்துக்கொள்ளும். ஸ்டார்ட் மெனுவின் தேடல் கட்டத்தில் கேம் கன்ட்ரோலர் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து, வரும் விண்டோவில் உங்கள் டிரான்ஸ்மிட்டர் தெரிகிறதா என்று பாருங்கள்.

3. சிமுலேட்டரில் காலிபரேஷன் பகுதிக்குச் சென்று, கேட்கும்போது இரு குச்சிகளையும் எல்லாப் பக்கமும் கடைசி வரை அசைத்துக் காட்டுங்கள்.

4. இறக்கை மேலே பொருத்தப்பட்ட பயிற்சி விமானத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜெட் விமானம் பக்கம் போக வேண்டாம்.

5. தினமும் 20 நிமிடம் போதும். முதலில் வட்டம், பிறகு எட்டு வடிவம், அதன்பின் இறங்குவது. எட்டுப் போட்டால் விமானம் வலமும் இடமும் மாறி மாறித் திரும்பும், உங்களை நோக்கியும் வரும்.

கீபோர்டில் பழகுவதால் பயன் இல்லை. கீ என்பது அழுத்தினால் முழுவதும் திரும்பும், விட்டால் நின்றுவிடும். குச்சியை எவ்வளவு மெல்ல அசைக்க வேண்டும் என்பதுதான் பாடமே. தொடர்ந்து பத்து முறை நொறுங்காமல் இறக்கிவிட்டீர்களா? இப்போது கடைக்குப் போகலாம்.

மைதானத்துக்குப் போகும் முன்

முதல் விமானம் இறக்கை மேலே உள்ளதாக, நுரைப்பொருளில் செய்ததாக இருக்கட்டும். உடைந்தால் பசை போட்டு ஒட்டிவிடலாம். எடைச் சமநிலை மிக முக்கியம். பெரும்பாலான பயிற்சி விமானங்களில் அது இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அகலத்தில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையே இருக்கும். அந்த இடத்தில் இரு விரல்களால் தாங்கிப் பாருங்கள். வால் தாழ்ந்தால் பறக்கவிடாதீர்கள்.

டிரான்ஸ்மிட்டரை முதலில் ஆன் செய்து, கடைசியில் ஆஃப் செய்யவும். மாற்றிச் செய்தால் கட்டளை இல்லாத விமானம் உங்கள் கையில் இருக்கும். சில செட்களில் புரொப்பெல்லர் தானாகச் சுழன்று விரலைப் பதம் பார்த்துவிடும்.

லித்தியம் பாலிமர் பேட்டரியிலும் கவனம் தேவை. ஒரு செல் முழுதாகச் சார்ஜ் ஆனால் 4.2 வோல்ட். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கெட்டுவிடும். அதற்கென உள்ள பேலன்ஸ் சார்ஜரையே பயன்படுத்துங்கள். மெத்தை மேல் வைத்தோ, இரவில் போட்டுவிட்டுத் தூங்கியோ சார்ஜ் செய்யாதீர்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் பயன்படுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

மேலே இருந்து போட்டோ

விமானம் பழகியபின் வரும் அடுத்த ஆசை இது. 1888-லேயே பிரான்ஸில் ஆர்தர் பாட்டூ பட்டத்தில் கேமராவைக் கட்டிப் படம் எடுத்தார். இன்று சின்ன ஆக்‌ஷன் கேமரா ஒன்று போதும். அதைப் பொருத்தியபின் எடைச் சமநிலையை மீண்டும் பார்க்க மறக்காதீர்கள். கேமராவுக்கு அடியில் ஸ்பாஞ்சு வையுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் அதிர்வால் வீடியோ ஜெல்லி போல நெளியும். ஷட்டர் வேகம் 1/1000 விநாடி அல்லது அதற்கும் வேகமாக இருக்கட்டும்.

60 மீட்டர் உயரத்தில் 28 எம்எம் லென்ஸுக்குச் சமமான கேமரா நேர் கீழே பார்த்தால், படத்தின் அகலத்தில் சுமார் 77 மீட்டர் தரை விழும். படம் 4,000 பிக்சல் அகலம் என்றால் ஒரு பிக்சலுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர். 4 மீட்டர் நீளக் கார் 200 பிக்சலில் தெரியும். அடுத்தடுத்த படங்களில் பாதிக்கு மேல் ஒரே இடம் வருமாறு எடுத்து வந்தால், ஹூகின் என்ற இலவச சாப்ட்வேர் மூலம் ஒட்டி ஒரே பெரிய படமாக்கலாம்.

இவ்வளவு தெளிவாகத் தெரியும் என்பதாலேயே ஒரு எச்சரிக்கை. அடுத்த வீட்டு மொட்டை மாடி உங்கள் படத்துக்கான இடம் அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ட்ரோன் விதிகள் 2021 மாடல் விமானங்களையும் சேர்த்தே பேசுகின்றன. பதிவு செய்து அடையாள எண் பெற வேண்டும். 2 கிலோ வரையுள்ளதைத் தொழிலுக்காக அல்லாமல் பறக்கவிட பைலட் லைசென்ஸ் தேவையில்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை பறக்கலாம். விமான நிலைய எல்லையிலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் 200 அடி வரை மட்டுமே. அதற்கும் அருகில் என்றால் முன் அனுமதி தேவை. அரசு வெளியிடும் வான்வெளி வரைபடத்தைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள். மண்டலம் மாறியிருக்கலாம். எங்கே என்றாலும் விமானம் உங்கள் கண் பார்வையில் இருக்க வேண்டும். கீழே ஆட்கள் இருக்கக் கூடாது.

எவ்வளவு தூரம் போகலாம்?

நடிகர் அஜித்குமாருக்கு இந்தப் பொழுதுபோக்கு உண்டு என்பது தெரிந்ததே. 2018-ல் சென்னை எம்.ஐ.டி. மாணவர்களின் தக்‌ஷா குழுவுக்கு அவர் ஆலோசகராக இருந்தார்.

அமெரிக்காவின் மேனார்ட் ஹில் இன்னும் தூரம் போனார். 2003 ஆகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்தில் இருந்து அவர் குழு அனுப்பிய மாடல் விமானம் 38 மணி 52 நிமிடம் பறந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி அயர்லாந்தில் இறங்கியது. சுமார் 3,000 கிலோமீட்டர்! பால்சா மரத்தில் செய்த அதன் எடை 5 கிலோவுக்கும் குறைவு. அப்போது ஹில்லுக்கு வயது 77, கண் பார்வை பெரும்பாலும் போயிருந்தது. அதற்கு முன் அனுப்பியவை கடலோடு போயிருந்தன.

விழாமல் யாரும் பழகியதில்லை. அந்த விழுதல்களை உங்கள் மானிட்டருக்குள்ளேயே முடித்துக்கொள்ளுங்கள். அங்கே நொறுங்கினால் ஸ்பேஸ் பாரைத் தட்டி மறுபடி தொடங்கலாம். மைதானத்தில் நிற்கும் சிறுவனுக்கு அந்த வசதி கிடையாது.