வாசலோடு திரும்பும் மருத்துவம்

அண்ணல் அம்பேத்கர் எழுதிய ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்னும் சிறுநூலில் ஒரு பள்ளி ஆசிரியரின் துயரம் வருகிறது. அந்த ஆசிரியர் எழுதிய கடிதம் 1929 டிசம்பரில் காந்தியின் ‘யங் இந்தியா’ இதழில் வெளியானது. கத்தியவாரில் ஒரு கிராமம். பிள்ளை பெற்ற சில நாட்களில் ஆசிரியரின் மனைவிக்கு உடல்நிலை மோசமாகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். ஊர்ப் பெரியவர் கட்டணத்துக்குப் பொறுப்பேற்ற பிறகு, சேரிக்கு வெளியே தூக்கி வந்தால் பார்க்கிறேன் என்று இறங்கி வருகிறார். வெப்பமானியை ஓர் இஸ்லாமியரிடம் கொடுக்கிறார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுக்கிறார். திரும்பி வந்ததும் அதே வழியில்தான். நோயாளியைத் தொடாமலே நிமோனியா என்று சொல்லிவிட்டு மருத்துவர் போய்விட்டார். அந்தத் தாய் பிழைக்கவில்லை.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. மருத்துவர் வராமல் இல்லை, வந்தார். அன்றைக்கு ஒரு பதிவேடு இருந்திருந்தால் ‘நோயாளி பார்க்கப்பட்டார்’ என்றே அதில் எழுதியிருப்பார்கள். வந்து போவது வேறு, கவனித்துப் போவது வேறு.

இன்று நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது, மறுக்கவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கப்பட்டது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. படுத்த படுக்கையாக இருப்போருக்கு நோய் ஆதரவு சிகிச்சை, பக்கவாதம் வந்தவர்களுக்கு இயன்முறை சிகிச்சை, சிறுநீரக நோயாளிகளுக்கு வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்ளப் பைகள் என்று இத்திட்டம் விரிகிறது. 2024இல் ஐ.நா. பணிக்குழு ஒன்றின் விருதும் இதற்குக் கிடைத்தது. பேருந்துக்குக் காசில்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்ட முதியவர்களை நாம் அறிவோம். அவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால், வீடு தேடி வரும் எந்தச் சேவையும் கடைசியில் ஒரு தெருவுக்குள்தான் வந்தாக வேண்டும். நம் நாட்டில் தெருவுக்குச் சாதி உண்டு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்து, கன்ஷியாம் ஷா உள்ளிட்ட ஐந்து அறிஞர்கள் 2006இல் கிராமப்புறத் தீண்டாமை பற்றிய நூலொன்றை வெளியிட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் பொது சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுக்கிறார்கள் என்பது அதில் கண்ட உண்மை. மருத்துவமனைக்கு நாம் போனபோது வாசலில் நின்ற பாகுபாடு, மருத்துவம் நம்மைத் தேடி வரும்போது காலனி முனைக்கு இடம் மாறி நிற்கலாம்.

வீட்டுப் பராமரிப்பு பற்றித் திண்ணைகளில் பேச்சு எடுத்தால் வரும் குறைகள் பெரும்பாலும் நான்கு வகை.

முதலாவது, நேரம். பணியாளர் பகல் பதினோரு மணிக்கு வருகிறார். மகன் கட்டட வேலைக்கும் மருமகள் நூறு நாள் வேலைக்கும் போயிருப்பார்கள். வீட்டில் படுத்திருக்கும் பாட்டி மட்டும்தான். புண்ணுக்கு மருந்து கட்டும் முறையை யாருக்குச் சொல்லிக் கொடுப்பது? கூலி வேலைக்குப் போகும் தெருவுக்குக் காலை ஏழு மணியோ மாலை ஆறு மணியோதான் சரியான நேரம்.

இரண்டாவது, தொடுதல். கையில் பட்டை கட்டி அழுத்தம் பார்க்காமல், மாத்திரை அட்டையைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போவது. வீட்டுக்குள் வராமல் தெருவில் நின்றே பேசி அனுப்புவது. குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் தலித் குழந்தைகளுக்கு மருத்துவம் எப்படிக் கிடைக்கிறது என்று சங்கமித்ரா ஆச்சார்யா 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். மருந்தைக் கையில் கொடுக்கிறார்களா, தொட்டுப் பார்க்கிறார்களா, எவ்வளவு நேரம் ஒதுக்குகிறார்கள் என்பதையெல்லாம் அவர் பாகுபாட்டின் அளவுகோல்களாக எடுத்துக்கொண்டார். நாமும் அதையே அளவுகோலாகக் கொள்ளலாம்.

மூன்றாவது, அரைகுறை வேலை. படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பது செவிலியத்தின் பாலபாடம். அவர் முதுகையும் இடுப்பையும் பார்க்காமல் போனால் அது வருகையே அல்ல. சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்க்க வேண்டும். பக்கவாதம் வந்தவருக்குப் பயிற்சியை ஒருமுறை காட்டினால் போதாது. வீட்டார் சரியாகச் செய்கிறார்களா என்று மறுபடி வந்து பார்க்க வேண்டும்.

நான்காவது, பேச்சு. எழுபது வயதுக்காரரை “என்னப்பா, மாத்திரை போட்டியா” என்று ஒருமையில் கேட்பது. அதே பணியாளர் ஊர்த்தெருவில் “ஐயா, சாப்பிட்டீங்களா” என்று கேட்டால், அந்த வித்தியாசம் நமக்குப் புரியாமல் இல்லை.

இந்தக் குறைகள் ஏன் மேலே போவதில்லை? “சொன்னா வர்ற மாத்திரையும் நின்னுடுமோ” என்ற பயம் ஒன்று. கிடைப்பதே பெரிது என்ற நன்றியுணர்வு மற்றொன்று. அதைவிடப் பெரிய காரணம், பாதிக்கப்பட்டவர் படுக்கையில் கிடக்கிறார். திங்கட்கிழமை மனுநாளுக்கு அவரால் போக முடியாது. பார்த்துக்கொள்கிறவர் போனால் ஒருநாள் கூலி போகும். ஆகவே வாய்வார்த்தையாகப் புலம்பி நிறுத்திக்கொள்கிறோம். எழுதாத குறையை அலுவலகம் குறையாகக் கொள்வதில்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். நம் கோபம் மாத்திரைப் பையைச் சுமந்து வெயிலில் நடக்கும் தன்னார்வலப் பெண்கள் மீது திரும்பக் கூடாது. அவர்கள் மகளிர் சுயஉதவிக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். நிரந்தர வேலை இல்லை, கிடைப்பது ஊக்கத்தொகைதான். நம் தெருப் பெண்களும் அந்த வேலையில் இருக்கிறார்கள். அவர்கள் ஊர்த்தெருவுக்குப் போகும்போது திண்ணையில் உட்காரச் சொல்கிறார்களா, நிற்க வைத்தே அனுப்புகிறார்களா என்ற கேள்வியும் இதனோடு சேர்ந்ததுதான். நாம் கேட்பது ஆளை மாற்றச் சொல்லி அல்ல, முறையை மாற்றச் சொல்லி.

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை எந்த வடிவத்திலும் தடை செய்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம், மருத்துவமனைக்குள்ளோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள்ளோ நாம் நுழைவதைத் தடுப்பதைக் குற்றம் என்கிறது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. அதைப் பயன்படுத்த ஆதாரம் வேண்டும். ஆதாரம் என்பது தேதியும் விவரமும்தான்.

இங்கேதான் படிக்கிற பிள்ளைகளின் உதவி தேவைப்படுகிறது. உங்கள் தெருவில் படுக்கையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். யார் வந்தார், எந்தத் தேதி, எத்தனை மணி, வீட்டுக்குள் வந்தாரா, என்ன பார்த்தார், என்ன கொடுத்தார், அடுத்து எப்போது வருவதாகச் சொன்னார் என்று எழுதுங்கள். நன்றாகப் பார்த்திருந்தால் அதையும் எழுதுங்கள். மூன்று மாதத்தில் அந்த நோட்டே பேசும்.

புகார் எழுதும்போது ‘சரியாகப் பார்ப்பதில்லை’ என்று மொத்தமாக எழுதாதீர்கள். ‘இந்தத் தேதிக்குப் பிறகு யாரும் வரவில்லை, படுக்கைப்புண் உள்ளது, வாரம் ஒருமுறை செவிலியர் வர வேண்டும்’ என்று நடந்ததையும் வேண்டியதையும் எழுதுங்கள். முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலரிடம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள். பதில் இல்லையென்றால் ஆட்சியரின் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுங்கள். முதல்வரின் உதவி மையத்துக்கு 1100, மருத்துவ உதவிக்கு 104, சாதிப் பாகுபாடு என்றால் 14566 ஆகிய எண்கள் உள்ளன. எத்தனை முறை வந்ததாகப் பதிவாகியுள்ளது என்று நோயாளியின் பெயரிலேயே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். அந்தப் பதிலையும் நம் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபை கூடுகிறது. படுத்திருப்பவர் வர முடியாது, அவருடைய நோட்டு வரலாம். காலனிக்கான வருகை நேரத்தைக் காலையோ மாலையோ வைக்க வேண்டும், அட்டவணையைத் தெருவில் எழுதி ஒட்ட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கேட்போம். இது சலுகை கேட்பது அல்ல. ஊர்த்தெருவில் நடப்பது நம் தெருவிலும் நடக்க வேண்டும் என்பதுதான்.