வண்டி வரவில்லை, பில் மட்டும் வந்துவிட்டது

2025 செப்டம்பர் 22, திங்கள்கிழமை முதல் பைக்குகளுக்கான ஜிஎஸ்டி மாறியது. 350 சிசிக்கு மிகாத வண்டிகளுக்கு 28 சதவீதம் 18 ஆக இறங்கியது. அதைத் தாண்டியவற்றுக்கு, செஸ் உட்பட 31 ஆக இருந்தது 40 ஆக ஏறியது. இதெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கு முந்தைய வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேறொன்றைக் கேட்டன: "ஆகஸ்டில் புக் செய்த புது மாடல் இன்னும் வரவில்லை. எனக்கு எந்த வரி?" நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் என மாவட்டம் முழுக்க இதே கவலை. ஓணத்துக்குத் தருகிறோம் என்றார்களாம். பிறகு ஆயுத பூஜைக்கு என்றார்களாம்.

புக் செய்த தேதிக்கும் வரி விகிதத்துக்கும் சம்பந்தமே இல்லை. விகிதத்தைத் தீர்மானிப்பது மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 14ஆம் பிரிவு. அது மூன்று தேதிகளைப் பார்க்கிறது: வண்டி கைமாறிய தேதி, பில் போட்ட தேதி, பணம் போய்ச் சேர்ந்த தேதி. இந்த மூன்றில் எவை இரண்டு 22ஆம் தேதிக்கு ஒரே பக்கம் விழுகின்றனவோ, அந்தப் பக்கத்து விகிதம்தான் செல்லும். சட்டத்தில் இது ஆறு உட்பிரிவுகளாக, படிப்பவர் தலை சுற்றும்படி எழுதப்பட்டிருக்கிறது. ஆறையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் கிடைப்பது இந்த ஒரே விதி.

இதை வகுத்தவர்களின் கெட்டிக்காரத்தனத்தை மெச்ச வேண்டும். மூன்றும் ஒரே பக்கம் இருக்கும் விற்பனையில், ஒரு தேதியை மட்டும் முன்னே பின்னே தள்ளி யாரும் வரியை மாற்றிவிட முடியாது. ஆனால் வண்டிக்காகக் காத்திருப்பவரின் நிலை வேறு. டெலிவரி எப்படியும் 22க்குப் பிறகுதான். மிச்சம் இருப்பவை பணமும் பில்லும். பணத்தை மட்டும் முன்பே கட்டியிருந்தால் பாதகமில்லை; பில்லும் வண்டியும் பிறகு வருவதால் 18 சதவீதம்தான். பணத்தோடு பில்லும் முன்பே போடப்பட்டுவிட்டால், வண்டி தீபாவளிக்கு வந்தாலும் 28 சதவீதம். தாமதம் உங்களுக்குத் தந்த லாபத்தை ஒரு காகிதம் எடுத்துக்கொண்டுவிடும்.

இது வெறும் ஊகமல்ல. வாசகர் ஒருவர் தனக்கு வந்த பில்லைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறார். ஷோரூம் பெயரை இங்கே தவிர்க்கிறேன். மாடல் இருக்கிறது, நிறம் இருக்கிறது, 28 சதவீத வரியை இரண்டாகப் பிரித்து மத்திய, மாநிலப் பங்கு 14, 14 என்று போட்டிருக்கிறார்கள். சேசிஸ் எண், இன்ஜின் எண் கட்டங்கள் மட்டும் காலி. "20ஆம் தேதிக்குள்ள முழுப் பணமும் கட்டிருங்க அண்ணாச்சி, பில்லப் போட்டு வச்சிருதோம், வண்டி வந்ததும் எடுத்துக்கிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். அவரும் நம்பிக் கட்டிவிட்டார்.

சேசிஸ் எண் இல்லாத பில் எந்த வண்டிக்கான பில்? ஆர்டிஓ பதிவுக்குத் தரும் 21ஆம் எண் படிவமான விற்பனைச் சான்றிதழ் சேசிஸ் எண் இல்லாமல் நிரம்பாது. சரக்கு இல்லாமல் பில் போடுவதை ஜிஎஸ்டி சட்டமே குற்றம் என்கிறது. அவர் செய்ய வேண்டியது இது: அந்தப் பில்லை ரத்து செய்து, வண்டி வந்த பின் புதுப் பில் தரும்படி எழுத்தில் கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு போதாது, ஷோரூமின் மின்னஞ்சலுக்கு, பில் எண்ணைக் குறிப்பிட்டு அனுப்ப வேண்டும்.

விற்பவருக்கு ஏன் இந்த அவசரம்? 28 சதவீதம் கட்டி எடுத்த சரக்கை 18க்கு விற்றால், கூடுதலாகக் கட்டிய வரி அவர் கணக்கில் வரவாக முடங்கும். அடுத்தடுத்த விற்பனைகளில்தான் மெல்லக் கழியும். மாத விற்பனை இலக்கும் இருக்கிறது. அவருடைய கஷ்டம் நிஜம்தான். அதை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

அடுத்து, "10 சதவீதம் குறைகிறது" என்ற அறிவிப்பு. குறைவது வரி விகிதத்தில் 10 புள்ளிகள். ஷோரூம் விலையில் குறைய வேண்டியது சுமார் 7.8 சதவீதம். 1,28,000 ரூபாய் வண்டி 1,18,000 ஆக வேண்டும். பழைய எக்ஸ்-ஷோரூம் விலையை 1.28ஆல் வகுத்து 1.18ஆல் பெருக்குங்கள்; அதற்கு மேல் கேட்டால் காரணம் கேளுங்கள்.

பழைய மாடலுக்கு இந்தக் கணக்கு எளிது. ஆகஸ்டில் வந்த ஹீரோ கிளாமர் எக்ஸ், செப்டம்பர் 4ஆம் தேதி வந்த டிவிஎஸ் என்டார்க் 150 போன்றவற்றுக்குப் பழைய விலை என்பதே சில வாரத்து விலைதான். வரி குறையும் என்று பிரதமர் ஆகஸ்ட் 15 அன்றே சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு விலை அறிவிக்கும் எந்த நிறுவனமும், குறைக்கப்போவதை எண்ணிக் கொஞ்சம் கூட்டி வைக்க நினைத்தால், அதைக் கண்டுபிடிக்க வாங்குபவரிடம் ஒரு வழியும் இல்லை. பலன் முழுதும் மக்களுக்குப் போய்ச் சேரும் என்றது அரசு. அதை உறுதி செய்யவென்றே ஜிஎஸ்டி சட்டத்தில் 171ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அதன்படி புதுப் புகார் வாங்குவதை 2025 ஏப்ரல் 1 முதல் இதே அரசு நிறுத்திவிட்டது. அந்தக் கதவைத் திறக்காமல் தரும் உறுதிமொழியை என்னால் ஏற்க முடியவில்லை.

மற்ற கேள்விகள்:

ராயல் என்ஃபீல்டு 350 எந்தப் பக்கம்? இன்ஜின் 349 சிசி, 18 சதவீதம்.

அதன் 450, 650? டிரையம்ஃப் 400? 40 சதவீதம். இவற்றை வாங்கியவருக்குக் கணக்கு தலைகீழ்: வண்டி ஷோரூமில் நின்றிருந்தால் 22க்கு முந்தைய சனிக்கிழமைக்குள் பணம் கட்டி, பில் போட்டிருக்க வேண்டும்.

செக் கொடுத்தால் எந்தத் தேதி? ஷோரூம் கணக்கில் வரவு வைத்தது, வங்கியில் ஏறியது இரண்டில் முந்தியது. 22க்குப் பின் நான்கு வேலைநாள் கடந்து வங்கியில் ஏறினால், ஏறிய நாள்தான்.

எலெக்ட்ரிக்? 5 சதவீதம், மாற்றமில்லை.

இன்சூரன்ஸ்? அதற்கு 18 சதவீதம் அப்படியே.

சாலை வரி? தமிழகத்தில் ஒரு லட்சம் வரை 10, மேலே 12 சதவீதம். விலை லட்சத்துக்குக் கீழ் வந்தால் அதிலும் மிச்சம்.

களியக்காவிளை தாண்டி கேரளத்தில் வாங்கினால்? ஜிஎஸ்டி ஒன்றுதான்.

புக்கிங் பணத்தைத் திருப்பித் தர மறுத்தால்? முதலில் நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு நாகர்கோவில் நுகர்வோர் ஆணையம். வண்டி விலை 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.